செடிகளைத் திட்டியது நான்தான்

அப்பன் விட்டுப்போன ஓட்டை வள்ளத்துக்குத் தார் பூசி மிதக்க வைத்தது நான். தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவிலிருந்து முதல் விசைப்படகு இறக்கியது நான். வங்கியில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றபடியே கடன் பேசி அந்தப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தேன். மீன் நாறிக் கிடந்த இடத்தில் ஐஸ் கடை போட்டது நான். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று தெருவே சிரித்த மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் கண்டது நான். அந்தக் கிணற்றைச் சுற்றித்தான் இன்று எங்கள் மாடி வீடு நிற்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை. படகுக்கு நம்பர் எழுத வந்த பெயிண்டரிடம் எழுத்துக் கற்றேன், என் மகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். எங்கள் தெருவில் அதுவும் முதல்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. ராமநாதபுரத்துச் செடிக்கடைகளிலும், ராமேஸ்வரத்து லாட்ஜ்களில் சாவி கொடுக்கிற மேசையிலும் தொட்டிச் செடிக்குள் சின்னப் பலகை குத்தி வைத்திருக்கிறார்கள். செடியைக் கிண்டல் செய்து அதில் ஒரு வரி எழுதியிருக்கும். படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிரிப்பையும் நான்தான் கட்டினேன். நான் கட்டியதிலேயே என் பேர் இல்லாமல் நிற்பது அது ஒன்றுதான்.

முழங்கால் தேய்ந்துபோனதும் படகை விற்றேன். படகை வாங்க ஆள் வந்தது, வலையை வாங்க ஆள் வந்தது. என் குரலை வாங்க மட்டும் யாரும் வரவில்லை. இன்ஜின் சத்தத்துக்கு மேலே பக்கத்துப் படகு வரைக்கும் கேட்கிற குரல் அது. அதை வீட்டுக்குள் எங்கே வைப்பது? என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள், புருசனோடு வந்து மாடியில் குடியிருக்கிறாள். மருமகன் காலையில் ராமநாதபுரத்து ஆபீசுக்குப் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். வந்தாலும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் பேச்சு. மகளிடமிருந்து எனக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது இரண்டே வார்த்தை. "சாப்பாடு இருக்கு." சாப்பாடு இருக்கும். அவள் இருக்க மாட்டாள்.

அப்போதுதான் தொட்டிகள் வந்தன. மணி பிளாண்ட், கத்தாழை, ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ், ஒரு கறிவேப்பிலைக் கன்று. முன்பக்க வராண்டாவில் என் நாற்காலி கிடந்த இடத்தில் அவற்றை வரிசையாக வைத்தாள். நாற்காலி சுவரோரம் போனது. காலையில் தண்ணீர்க் குவளையோடு வந்து குனிந்து பேசுவாள்.

"என் தங்கம், என் செல்லம், இன்னிக்கு ரெண்டு எல விட்டிருக்கியாடி? தாகமா இருக்கா?"

தங்கம் பேசவில்லை. சுவரோரம் இருந்த எனக்குத்தான் தாகமாக இருந்தது.

"ஏத்தா, யார்ட்ட பேசிட்டிருக்க?"

"செடிட்டப்பா. பேசினா நல்லா வளரும்னு போன்ல பாத்தேன்."

"மனுசன்ட்ட பேசினா மட்டும் தேஞ்சா போயிருவான்?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த தொட்டிக்கு நகர்ந்து, "நீ எப்படிடா இருக்க?" என்று கேட்டாள். ஒரு நிமிடம் என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "இருக்கேன்" என்றேன். கேட்டது செம்பருத்தியை.

தெருப் பெண்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். மகள் குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கி நடுவில் வைத்து, "பாருங்க, எப்பிடி வளந்திருக்கா என் அழகி!" என்றாள். வந்தவர்களில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். "எங்க வீட்ல வச்சா இப்பிடி வர மாட்டேங்குதே." எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் முடியுமுன்னே குரோட்டன்ஸ் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது.

"வேர் அழுகிருச்சுப்பா" என்றாள் மகள்.

"வேர் அழுகல. வாய்தான் அழுக வச்சிருச்சு" என்றேன். "பத்துப் பேரு முன்னாடி தூக்கி வச்சுப் புகழ்ந்தா நிக்குமா?"

இது கடற்கரைக்காரனைத் தவிர மற்றவர்களுக்குப் புரியாது. படகு நிறைய இறால் கிடக்கும். கரையில் நிற்கிற வியாபாரி, "பாடு எப்பிடி?" என்று கேட்பான். பாடு என்றால் கிடைத்த மீன். எவனும், "நல்ல பாடு" என்று வாயைத் திறக்க மாட்டான். "என்னத்தப் பாடு, ஒண்ணுமில்ல" என்பான். கூடை தூக்க ஆள் போதாமல் தவிக்கிறபோதும் அதையேதான் சொல்வான். நல்லது என்று சொன்ன வாய் மூடுமுன் கண் விழுந்துவிடும். அதிலும் பெற்றவர் கண் பொல்லாதது. பங்குச் சாமியார் இதை மூடநம்பிக்கை என்று பிரசங்கம் வைக்கிறார். அவருக்கென்ன, அவர் வீட்டில் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கப் பிள்ளையா இருக்கிறது?

மிச்சச் செடிகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று நான் இறங்கினேன். மகள் மாடிக்குப் போனதும் நாற்காலியை வரிசைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திட்டத் தொடங்கினேன். படகில் ஆட்களைத் திட்டி வேலை வாங்கிய அதே குரல். செடிக்கு நல்லது சொல்லிச் சாகடிக்கிறவள் ஒருத்தி, கெட்டது சொல்லி வாழ வைக்கிறவன் ஒருத்தன்.

மணி பிளாண்டிடம் சொன்னேன்: "பேரு மணின்னு வச்சிருக்க. காலையில இருந்து ஒன் முன்னாடி ஒக்காந்திருக்கேன், கோயில் மணிதான் அடிச்சுச்சு. ஒன்ட்ட ஒரு மணியையும் காணோம்."

செம்பருத்தியிடம்: "பேர்ல பருத்தி வச்சிருக்கியே, ஒரு துண்டுக்காவது நூல் தருவியா?"

கறிவேப்பிலையிடம்: "கொதிக்கயில ஒன்னயக் கூப்பிடுவாங்க, சாப்பிடயில ஒதுக்குவாங்க. தள்ளி ஒக்காரு, அந்த எடம் என்னுது."

கத்தாழைதான் எனக்குப் பிடித்தவன். அவனிடம் சொன்னேன்: "நீயும் கத்தாத ஆளு, நானும் கத்தாத ஆளு. நீ வாயில்லாம கத்தாத ஆளு, நான் பள்ளிக்கூடம் முடிக்காம கத்தாத ஆளு. முள்ளு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல."

ரோஜா ஒல்லியாக, ஒரு முழம் வளர்ந்து, பூ மட்டும் விடாமல் நின்றது. அதற்குச் சொன்னது: "வளந்தா மட்டும் போதுமா, வெளங்க வேணாமா?"

செடிகள் விளங்கின. வார்த்தையால் மட்டும் என்று பொய் சொல்ல மாட்டேன். தென்மேற்கே இருந்து கச்சான் காற்று எழும்பினால் வராண்டாவுக்குள் உப்புத் தூவானம் அடிக்கும்; இலை கருகிப்போகும். வானத்தைப் பார்த்தே எனக்குக் காற்றின் வரவு தெரியும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாக உள்ளே தூக்கி வைப்பேன். காற்று ஓய்ந்ததும் இன்ஜினைத் துடைப்பதுபோல ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பேன். துடைக்கிறபோதும் திட்டுவேன். அதைப் பார்த்தது யார்? யாருமில்லை.

பார்க்கவில்லை, ஆனால் கேட்டுவிட்டாள். ஒருநாள் கத்தாழையோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். திரும்பினால் மகள். கையில் போன். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சின்ன வயதில் கரையில் நண்டைத் துரத்தும்போது சிரித்த சிரிப்பு.

"அப்பா, அதத் திரும்பச் சொல்லுங்க."

"எத?"

"கத்தாத ஆளு."

சொன்னேன். மறுபடி சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு டம்ளர் டீயோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு என்னப்பா திட்டுனீங்க?"

அந்தக் கேள்விக்காக நான் காலையிலேயே எழுந்து திட்டுத் தயாரித்தேன். கடலுக்குப் போகிறவன் முதல்நாளே வலையைச் சரிபார்ப்பதுபோல இலை இலையாகப் பார்த்து என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். சாயங்காலம் சொல்வேன், அவள் சிரிப்பாள், போனில் பிடித்துக்கொள்வாள். மதுரையில் இருக்கிற அவள் சிநேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். பிறகு ஊர் உலகத்துக்கே போட்டாள். முதலில் போட்டதில் என் குரல்தான் இருந்தது. "யார் இந்தப் பெருசு? கேக்கவே பயமா இருக்கு" என்று யாரோ அடியில் எழுதினார்களாம்.

"நானே பேசிப் போடுறேம்ப்பா. பொம்பளக் கொரல்னா ஆளுக கேப்பாங்க. வார்த்த ஒங்களுதுதான?"

வார்த்தை என்னுடையதுதானே என்று அவள் வாயாலேயே சொன்னாள். சரி என்றேன். டீயும் சாயங்காலமும் கிடைக்கிறபோது குரல் யாருடையதாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

ராமநாதபுரத்தில் செடிக்கடை வைத்திருக்கிற ஒருவர் அந்த வரிகளைப் பலகையில் எழுதி விற்கக் கேட்டு வந்தார். பெரிய மனுசர்தான், எனக்கும் வணக்கம் சொன்னார். "மேடத்துக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ!" என்று என்னைப் பார்த்தே வியந்தார். மகள் டீ எடுக்க உள்ளே போயிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் வந்துவிட்டாள். அவளே சொல்வாள் என்று பேசாமல் இருந்தேன். அவள் சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

பலகைகள் ஓடத் தொடங்கியதும் சாயங்கால டீ நின்றது. கேட்டால், "இப்ப எனக்கே வருதுப்பா" என்றாள். அவளுக்கே வந்ததை நானும் பார்த்தேன். என் பழைய வரியைத் திருப்பிப் போட்டது, அல்லது உப்பில்லாதது. ஆனால் சாப்பாடு மட்டும் பழையபடி இருந்தது. இரண்டு வார்த்தையோடு.

ஒரு கல்யாணத்துக்காக ராமேஸ்வரம் போனபோது லாட்ஜ் மேசையில் என் கத்தாழையைப் பார்த்தேன். பலகையில் இருந்தது இவ்வளவுதான்: "கத்தாழையே, நீ கத்தாத ஆளு." மீதியைக் காணோம். நானும் பள்ளிக்கூடமும் முள்ளும் இருந்த பாதியை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

மேசையில் இருந்தவனிடம், "தம்பி, இது நான் சொன்னது. பாதிதான் போட்டிருக்காங்க" என்றேன்.

"அப்பிடியா பெருசு? நேத்து ஒருத்தரும் இதையேதான் சொன்னாரு. ஆனா இது வாட்ஸ்அப்ல வந்ததாமே."

"ஏலே, மீதியையும் சொல்றேன், கேளு." முழுசாகச் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "அதுல சொந்தச் சோகம் இருக்கு பெருசு. பலகைக்கு ஒத்து வராது. ரூம் சாவி வேணுமா?"

நான் இதையும் விழுங்கியிருப்பேன். ஆனால் போன மாதம் பள்ளிக்கூட ஹாலில் மகளுக்குப் பாராட்டு நடந்தது. வெள்ளை வேட்டி சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். சால்வை போர்த்தினார்கள். மைக் முன்னால் நின்று நன்றி சொன்னாள். ஆண்டவருக்கு, புருசனுக்கு, செடிக்கடைக்காரருக்கு, சிநேகிதிக்கு, போனில் பார்க்கிற அத்தனை பேருக்கும். கடைசியில், "என் செடிகளுக்கும்" என்றாள். கைதட்டல். பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருவர், "இவ்வளவு நகைச்சுவை எங்கிருந்து வருது?" என்று கேட்டார். நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். எழுந்து நிற்கச் சொல்வாள் என்று முழங்காலையும் நீட்டி மடக்கித் தயாராக வைத்தேன்.

"செடிகளோட மௌனத்தக் காது குடுத்துக் கேட்டா தானா வரும், சிஸ்டர்" என்றாள்.

செடி மௌனமாக இருந்ததற்குப் பாராட்டு. வாய் வலிக்கப் பேசியவன் முன்வரிசையில் மௌனம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவள் சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"செடிக்கடக்காரருக்கு நன்றி சொன்ன. செடிக்குச் சொன்ன. எனக்கு?"

"வீட்டு ஆளுக்கு எதுக்குப்பா நன்றி?"

"ஒம் புருசன் எந்த வீட்டு ஆளு?"

மடிப்பதை நிறுத்தினாள். "ஒங்களச் சொன்னா, அவரு எப்பிடி இப்பிடியெல்லாம் பேசுறாருன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

"எங்கப்பன் பேச்சு இதுன்னு சொல்லு."

"அந்த ரோஜாப் பலகை இருக்கே, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அது ரோஜாவுக்குச் சொன்னதுன்னா நெனைக்கிறீங்க?"

"பின்ன?"

"எனக்குச் சொன்னதுப்பா. பத்தாவது மார்க்கு வந்தன்னைக்கு, பள்ளிக்கூட வாசல்ல. மொத மார்க்கு வாங்கிட்டு ஒங்ககிட்ட ஓடி வந்தேன். 'வளந்தா மட்டும் போதுமா, வெளங்க வேணாமா'ன்னீங்க. நின்னவங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. செம்பருத்திக்கிச் சொன்னது எம் பருத்தித் தாவணிக்கிச் சொன்னது. ஒண்ணுகூடப் புதுசு இல்ல. எல்லாம் நான் கேட்டு வளந்ததுதான்."

சால்வையைக் கையில் பிடித்தபடியே மேலே சொன்னாள்.

"நீங்க வாயத் தொறந்து விட்டீங்க. வாங்கிச் சொமந்தது யாரு? எம் மேல விழுந்த வார்த்த, எனக்குத்தான் சொந்தம். அதக் கேட்டு ஒரு ஆளு சிரிக்கிற மாதிரி மாத்த எனக்கு இம்புட்டுக் காலம் ஆயிருக்கு."

அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்குத் தெரியாத பாதியோடு ஞாபகம் இருக்கிறது. நூறு பேர் நிற்கிற வாசலில் டீச்சர் அவள் தோளைப் பிடித்து, "இவள மாதிரி பிள்ள இந்தத் தீவுலயே கெடையாது" என்று உரக்கச் சொன்னார். நின்ற தாய்மார் அத்தனை பேரும் என் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்கள். கண்ணைக் கழிக்கக் கையில் உப்பில்லை, மிளகாயில்லை. வாயில் வார்த்தை இருந்தது. போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்; சிரித்த கண்ணில் பொறாமை தங்காது. அந்த வார்த்தைக்குப் பின்னால் நின்றுதான் அவள் கல்லூரிக்குப் போனாள். புகழ்ந்து புகழ்ந்து வளர்த்த குரோட்டன்ஸ் என்ன ஆனது?

இதைச் சொன்னேன். அவள் கேட்டாள், "அப்ப செடிக்கும் எனக்கும் ஒரே உரந்தான்?"

"ஆமா. ரெண்டும் வளந்துச்சுல்ல?"

"வளந்துச்சு. வெளங்குச்சான்னு நீங்க இன்னும் சொல்லல."

சால்வையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. நெஞ்சு வரைக்கும் வருகிறது, நாக்குக்கு ஏறமாட்டேன் என்கிறது. படகு முங்க முங்கப் பாடு கிடந்தபோதும் ஒண்ணுமில்லை என்றே சொல்லிப் பழகிய நாக்கு. இங்கே எழுதிவிடலாம் என்றால், இது பத்திரிகைக்குப் போகிறது; அச்சில் ஏறினால் இன்னும் அதிகக் கண் விழும். எழுத மாட்டேன். புரிகிறவளுக்குப் புரியட்டும்.

ஆனால் கணக்கு வேறு, வழக்கு வேறு. வார்த்தை விழுந்த இடம் அவளுடையது என்றால் புறப்பட்ட இடம் என்னுடையது. எங்கள் கரையில் கரைவலை இழுக்கும்போது வழியோடு போகிறவன் கயிற்றில் கை வைத்தால்கூடக் கறிக்கு மீன் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். வலையே என்னுடையதாக இருக்கும்போது என்னை வெறுங்கையோடு வீட்டுக்குப் போகச் சொல்வது எந்த ஊர் வழக்கம்?

இன்று காலையும் கச்சான் எழும்பியது. தொட்டிகளை உள்ளே தூக்கி வைத்து, இலைகளைத் துடைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ரோஜாவில் ஒரு மொட்டு தெரிகிறது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மகளே, நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கத்தாழைப் பலகையில் வெட்டி எறிந்த பாதியைத் திரும்ப ஒட்ட வேண்டும், பள்ளிக்கூடம் முடிக்காதவனும் முள்ளும் உள்ள பாதியை. ரோஜாப் பலகையில் உன் பேரையே போட்டுக்கொள். நீ சுமந்தாய் என்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு பலகைக்கும் அடியில், சின்ன எழுத்தானாலும் சரி, "திட்டியது அப்பா" என்று போட வேண்டும். இரண்டே வார்த்தை. நீ எனக்குத் தினமும் கொடுக்கிற அளவுதான்.